புலித்தோல் போர்த்த பூச்சிகள்: ஹென்றி வால்டர் பேட்ஸ் வாழ்வும் பணியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மன உறுதியில்லாதவன் பூணும் தவக்கோலத்திற்கு வள்ளுவப் பெருந்தகை ஓர் உவமை கூறுவார். புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு அயலான் வயலில் பயிர் மேயும் பசு என்பது அவ்வுவமை. மனிதனிடத்தில் இவ்வேடம் இழுக்கு. ஆனால் தற்காத்துக்கொள்ளக் கொடுக்கோ நஞ்சோ இல்லாத சிற்றுயிர்களுக்கு இதே வேடம் உயிர்காக்கும் கவசமாக அமைந்துள்ளது. இவ்வுண்மையைச் சான்றுகளுடன் உலகுக்கு எடுத்துரைத்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு, காலுறைக் கிடங்கைப் பெருக்கியவர். விலங்கியல் பாடநூலில் 'பேட்சின் ஒப்புருமை' என்று ஒரே வரியில் நாம் படித்துக் கடந்துவிடும் அப்பெயருக்குப் பின்னே எத்தகைய வாழ்க்கை இருந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

இங்கிலாந்து நாட்டின் லெஸ்டர் நகரில் 1825-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் பேட்ஸ் பிறந்தார். அந்நகர் காலுறைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அவருடைய தந்தையாரும் அத்தொழிலில் ஈடுபட்டவரே. படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளை என்றாலும், அக்கால வழக்கப்படி பதின்மூன்றாம் வயதில் அவரைத் தொழில் பழகுவதற்காக ஒரு காலுறை வணிகரிடம் சேர்த்துவிட்டனர். காலையில் கிடங்கைத் திறந்து பெருக்குவதில் தொடங்கி இரவு எட்டு மணி வரை, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர வேலை.

இந்த வேலைக்குப் பிறகு அவர் உறங்கப் போகவில்லை. தொழிலாளர்களுக்காக நடைபெற்ற மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்னும் மாலை நேரக் கல்விக்கூடத்திற்குச் சென்றார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு மொழிகளைக் கற்றார். அங்கிருந்த நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. விடுமுறை நாள்களில் அருகிலிருந்த சார்ன்வுட் காட்டில் தம்பியுடன் சுற்றி வண்டுகளைப் பிடித்துப் பெயர் கண்டார். 1843-இல் 'தி ஜுவாலஜிஸ்ட்' என்னும் இதழ் தொடங்கப்பட்டபோது, ஈரமான இடங்களில் வாழும் வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை அதில் வெளியாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. கையில் பட்டம் இல்லை. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் இல்லை. கண்ணால் கண்டதைச் செவ்வனே எழுதும் திறன் மட்டுமே இருந்தது.

ஒரு நட்பு

1844-ஆம் ஆண்டளவில் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றுக்கு ஓர் இளம் ஆசிரியர் வந்தார். அவரே பின்னாளில் டார்வினோடு சேர்த்துப் பேசப்பட்ட ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். நூலகத்தில் இருவரும் நண்பர்களாயினர். அந்த ஒரு நகரைச் சுற்றிலும் பேட்ஸ் சேர்த்து வைத்திருந்த வண்டு வகைகளைக் கண்ட வாலஸ் வியந்துபோனார். அதுவரை செடிகொடிகளில் ஈடுபட்டிருந்த அவர், அன்று முதல் பூச்சிகளையும் தேடத் தொடங்கினார். எழுத்தராகவும் ஆசிரியராகவும் பிழைத்துவந்த இவ்விரு இளைஞர்களும் தங்கள் கடிதங்களில் அலசியது சிறிய கேள்வியன்று. உலகில் இத்தனை இனங்கள் எவ்வாறு தோன்றின என்பதே அது.

1847-இல் அமேசான் ஆற்றைப் பற்றி எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய பயணநூல் அவர்கள் கைக்குக் கிடைத்தது. அங்கே செல்வதென முடிவு செய்தனர். செலவுக்குப் பணம்? பிடிக்கும் பூச்சிகளிலும் பறவைகளிலும் தமக்கு வேண்டியவற்றை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை இலண்டனிலிருந்த முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் மூலம் விற்றுப் பிழைப்பது என்பதே திட்டம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தந்தையின் பணத்தில் உலகைச் சுற்றிய காலத்தில், இவ்விருவரும் பூச்சி விற்றுப் படிக்கப் புறப்பட்டனர்.

ஆற்றங்கரையில் பதினோராண்டுகள்

1848 ஏப்ரலில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 'மிஸ்சிஃப்' என்னும் சிறு வணிகக் கப்பலில் ஏறி, மே மாத இறுதியில் பிரேசில் நாட்டின் பாரா நகரை அடைந்தனர். பேட்சுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பிரிட்டிஷ் தீவுகள் முழுவதிலும் 66 வகை வண்ணத்துப்பூச்சிகளே உண்டென அந்நாளில் கணக்கிட்டிருந்தனர். பாரா நகரிலிருந்து ஒரு மணிநேரம் நடந்து செல்லும் தொலைவுக்குள் மட்டும் ஏறத்தாழ 700 வகைகள் இருப்பதை அவர் கண்டார். அந்த மலைப்பு அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை.

சில மாதங்களில் நண்பர்கள் தனித்தனி வழியில் சென்றனர். 1852-இல் தாயகம் திரும்பிய வாலசின் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்து, அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. பேட்ஸ் திரும்பவில்லை. காமேட்டா, ஒபிடோஸ், சாண்டாரெம், எகா என்று ஆற்றங்கரை ஊர்களிலேயே பதினோராண்டுகளைக் கழித்தார்.

காமேட்டாவில் மரப்பொந்தொன்றில் பெரிய சிலந்தி ஒன்று வலை பின்னியிருந்தது. அதில் இரண்டு சிறு பறவைகள் சிக்கியிருந்தன. ஒன்று இறந்துவிட்டது, மற்றொன்று சிலந்தியின் பிடியில் உயிர் விட்டுக்கொண்டிருந்தது. சிலந்தி பறவையைக் கொல்லும் என்று மரியா சிபில்லா மெரியன் என்னும் ஓவிய அம்மையார் 1705-லேயே படம் வரைந்து காட்டியிருந்தார். அறிஞர் பலர் அதைக் கட்டுக்கதை என ஒதுக்கினர். கண்ணால் கண்டு எழுதிய பேட்ஸ், அந்த அம்மையாரின் சொல்லுக்கு வலுச்சேர்த்தார். அத்தகைய சிலந்தியொன்றின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியை இழுத்துச் செல்வதுபோல் குழந்தைகள் வீட்டுக்குள் இழுத்துத் திரிந்த காட்சியையும் அவர் பதிவு செய்துள்ளார். அறிஞர் நம்ப மறுத்த விலங்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்!

ஆனால் வாழ்க்கை விளையாட்டாக இல்லை. எகாவில் கழித்த முதல் ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள் அவருக்குக் கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. உடைகள் கந்தலாயின. காலணியின்றி நடந்தார். வேலையாள் ஓடிவிட்டான், கையிலிருந்த காசும் களவு போயிற்று. படிப்பதற்கு வேறொன்றும் இல்லாமையால் பழைய இதழ்களை மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை விளம்பரங்களைப் படித்தார். 1851-இல் பாரா நகரில் மஞ்சள் காய்ச்சல் அவரைத் தாக்கியது. ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் வந்தும், உடல் தேறியதும் மீண்டும் ஆற்றின் மேற்பகுதிக்கே சென்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காட்டு வழியும் விலங்குகளின் இயல்பும் அறிந்த அப்பகுதி மக்கள் இல்லையேல் பேட்சால் பத்தில் ஒரு பங்குகூடச் சேகரித்திருக்க இயலாது. பாராவில் விசென்டே என்பவர், செடிகளுக்கும் உயிர்களுக்கும் தம் மக்கள் வழங்கும் பெயர்களைச் சொல்லித் துணைநின்றார். இவ்வாறு உதவியவர்களில் பேட்சின் நூலில் பெயர் பெற்றவர் சிலரே. பெயரின்றி மறைந்தவர் பலர்.

கண்டறிந்த உண்மை

எகாவின் காடுகளில் மெல்லப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைப் பேட்ஸ் கவனித்தார். ஹெலிகோனிடுகள் என்று அவர் குறித்த அவை பகட்டான நிறம் கொண்டவை; எண்ணிக்கையில் மிகுந்தவை; தப்பி ஓடும் வேகம் இல்லாதவை. இருப்பினும் பறவைகள் அவற்றைத் துரத்துவதை அவர் காணவில்லை. அவற்றைப் பிடித்தால் ஒருவகை நாற்றம் எழுந்தது. அவை உண்பதற்கு ஒவ்வாதவை. அதனாலேயே அச்சமின்றித் திரிகின்றன என்று அவர் உய்த்துணர்ந்தார்.

அக்கூட்டத்திலிருந்து பிடித்தவற்றை ஊசியில் குத்தி ஆராய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. அவற்றுள் சில உண்மையில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல. நம் தோட்டங்களில் பறக்கும் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த லெப்டாலிஸ் என்பவை அவை. இறக்கையின் நரம்பமைப்பு வேறு. ஹெலிகோனிடுகளின் முன்னங்கால்கள் குறுகி நடப்பதற்குப் பயன்படாமல் இருக்க, இவற்றுக்கோ ஆறு கால்களும் முழுமையாக இருந்தன. நிறத்திலும் பறக்கும் முறையிலும் மட்டுமே அவை மற்றவற்றைப் போன்றிருந்தன. மேலும், ஆற்றின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும்போது ஹெலிகோனிடின் நிறக்கோலம் மாறினால், அதைப் போன்றிருந்த லெப்டாலிசின் கோலமும் அதற்கேற்ப மாறியிருந்தது.

இதற்கு அவர் தந்த விளக்கம் இது. சுவையான பூச்சியினத்தில் தற்செயலாகச் சிறிதளவு ஹெலிகோனிடைப் போன்றிருப்பவை பறவையின் கண்ணுக்குத் தப்புகின்றன. அவ்வாறு இல்லாதவை இரையாகின்றன. தப்பியவை ஈன்ற குஞ்சுகளிலும் இதே தேர்வு நடைபெறுகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த வடிகட்டல் தொடர, ஒப்புமை முழுமை பெறுகிறது. பூச்சி விரும்பி வேடம் பூணவில்லை; பறவையின் அலகே அதற்கு வேடம் தைத்துக் கொடுத்தது.

1861 நவம்பரில் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இக்கட்டுரை படிக்கப்பட்டு 1862-இல் அச்சாயிற்று. இயற்கைத் தேர்வு பற்றிய தம் நூலை 1859-இல் வெளியிட்டு எதிர்ப்புகளைச் சந்தித்துக்கொண்டிருந்த டார்வினுக்கு இது பெருந்துணையாக அமைந்தது. தாமே முன்வந்து அக்கட்டுரையைப் பாராட்டி மதிப்புரை எழுதினார். இதே கட்டுரையில் பேட்ஸ் ஒரு சுவையான நிகழ்ச்சியையும் சொல்கிறார். பாம்பின் தலையைப் போன்ற முன்பகுதியையுடைய ஒரு கம்பளிப்புழுவை அவர் ஊருக்குள் எடுத்துவந்து காட்ட, கண்டவரெல்லாம் அஞ்சி நடுங்கினராம்!

பின்னர் 1870-களின் இறுதியில், பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் முல்லர், நஞ்சுள்ள இரண்டு இனங்களே ஒன்றையொன்று ஒத்திருப்பதேன் என்பதை விளக்கினார். இவ்விரண்டு ஒப்புருமைகளையும் வேறுபடுத்தி எழுதுமாறு தேர்வில் நம்மைக் கேட்பது வழக்கம்.

நம் கண்முன் நிற்கும் சான்று

பேட்சின் கருத்தைக் காண அமேசானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கொத்தமல்லி பூத்திருக்கும் பாத்தியருகே காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். குளவியைப்போல் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டையிட்ட ஒரு சிறு பூச்சி, பூவுக்கு எதிரே அந்தரத்தில் அசையாமல் நிற்கும். சட்டென விலகும், மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். அது குளவியன்று, சிர்ஃபிட் ஈ. உலகில் ஏறத்தாழ 6,000 வகை சிர்ஃபிட் ஈக்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, தேனீயையோ குளவியையோ ஒத்த வேடம் கொண்டவை.

இவற்றை இனங்காண்பது கடினமன்று. தேனீக்கும் குளவிக்கும் இறக்கைகள் நான்கு, ஈக்கு இரண்டே. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், பறக்கும்போது நிலை தடுமாறாமல் காக்கும் சிறு குமிழ்த்தண்டுகள் இருக்கும். உணர்கொம்புகள் மிகக் குட்டையானவை. கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். குளவியைப்போல் ஒடுங்கிய இடை பெரும்பாலும் இராது. இறக்கையை உருப்பெருக்கியில் பார்த்தால், மற்ற நரம்புகளோடு சேராமல் நடுவே ஓடும் 'பொய் நரம்பு' ஒன்று தெரியும். அதுவே இக்குடும்பத்தின் முத்திரை. கொடுக்கு அறவே இல்லை. லெப்டாலிசின் கால்களை எண்ணியதன் மூலம் பேட்ஸ் கண்ட உண்மையை, ஈயின் இறக்கைகளை எண்ணியே நாமும் காணலாம்.

வேடம் உண்மையிலேயே பயன் தருகிறதா? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரவர் தம்பதியர் தேரைகளை வைத்து இதைச் சோதித்தனர். தேனீயை விழுங்க முயன்று கொட்டுப்பட்ட தேரைகள், தேனீயைப் போன்ற எரிஸ்டாலிஸ் என்னும் சிர்ஃபிட் ஈயையும் பெரும்பாலும் தொட மறுத்தன. கொட்டுப்பட்டறியாத தேரைகளோ அந்த ஈயை எளிதில் உண்டன. ஆகவே வேடம் பலிக்க வேண்டுமாயின் பார்ப்பவனுக்கு முன்பே சூடுபட்ட நினைவு இருக்க வேண்டும். போலிகள் பெருகி அசல் அருகிவிட்டால் அந்த நினைவு மங்கி, வேடமும் பயனற்றுப்போகும்.

நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகளிலும் இதற்குச் சான்று உண்டு. எருக்கிலையைத் தின்று வளரும் புழுவிலிருந்து வரும் செம்பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியின் உடலில் அச்செடியின் நஞ்சு தங்குகிறது. நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண் பூச்சி மட்டும் அச்சாக அதைப்போலவே இருக்கும். அதன் ஆணோ கருஞ்சிறகில் வெள்ளைப் புள்ளிகளோடு முற்றிலும் வேறாகத் தோன்றும்.

ஈயால் என்ன பயன்?

சிர்ஃபிட் ஈ தேனும் மகரந்தமும் உண்டு, பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கிறது. இப்பணியில் தேனீ இனங்களுக்கு அடுத்த இடம் இதற்கே உண்டு என்பர். பல வகைகளின் புழுக்கள் அசுவினியைத் தின்று வளர்கின்றன. ஒரு புழு, கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். எரிஸ்டாலிசின் புழு சாக்கடை நீரில் வாழ்ந்து, வால்போன்ற நீண்ட குழாயை மேலே நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டே அழுகிய பொருள்களைத் தின்று தீர்க்கிறது. தென் இங்கிலாந்தின் வானில் ஆண்டுதோறும் பல நூறு கோடி சிர்ஃபிட் ஈக்கள் வலசை செல்வதை 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் தட்டைப்பயற்றுக் கொல்லையில் அசுவினி கண்டால் மருந்தடிப்பது வழக்கம். அசுவினிக் கூட்டத்தின் நடுவே நெளியும் சிறு பச்சைப் புழுவையும் பயிர் தின்னும் புழுவென்றே எல்லோரும் நசுக்குவார்கள். சென்ற பருவத்தில் அப்புழுவொன்றை ஒரு கண்ணாடிச் சீசாவில் அசுவினியோடு இட்டு வைத்தேன். அது ஒவ்வொன்றாக உறிஞ்சி வெறுங்கூட்டை எறிவதை என் தந்தையார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்குமுன், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்துவிட்டார். ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-இல் ஒரு ஆய்வு கூறியது. நண்பன் யார், பகைவன் யார் என்று இனங்காணும் கல்வி, ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தாயகம் திரும்பியபின்

1859-இல் பேட்ஸ் தாயகம் திரும்பினார். வாலசுக்கு நேர்ந்த இழப்பை நினைந்து, தம் சேகரிப்பை மூன்று பங்காக்கி மூன்று கப்பல்களில் அனுப்பினார். அவர் சேகரித்த உயிரினங்கள் 14,712 வகை. அவற்றுள் பெரும்பாலானவை பூச்சிகள். ஏறத்தாழ 8,000 வகைகள் அறிவியலுக்குப் புதியவை. இந்தப் பதினோராண்டு உழைப்பில் அவருக்கு எஞ்சிய ஊதியம் சுமார் 800 பவுன். ஆண்டுக்கு 73 பவுன்கூட இல்லை. அதற்கு விலையாகக் கொடுத்ததோ உடல்நலம். காய்ச்சலும் அரைப்பட்டினியும் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டின.

டார்வின் தந்த ஊக்கத்தால் 1863-இல் தம் பயணநூலை வெளியிட்டார். அது இன்றளவும் படிக்கப்படுகிறது. அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவில் வேலைக்கு முயன்றார். கிடைக்கவில்லை. அவ்வேலை, பூச்சியியல் அறியாத ஒரு கவிஞருக்குப் போய்ச் சேர்ந்தது! 1864-இல் இராயல் புவியியல் கழகத்தின் துணைச் செயலாளரானார். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த மேசையிலிருந்து பிறருடைய பயணங்களுக்கு வழிவகுத்துக் கொடுத்தார். தம் ஆற்றை மீண்டும் காணவில்லை. ஓய்வு நேரத்தில் வண்டுகளை வகைப்படுத்தினார். பூச்சியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1881-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் உயர்ந்த சிறப்பு அவரை வந்தடைந்தது. 1892 பிப்ரவரி 16-ஆம் நாள் மார்புச்சளி நோயால் இலண்டனில் மறைந்தார்.

முடிவுரை

வறுமை பேட்சை அறிஞராக்கியது என்று சொல்வது பொருந்தாது. வறுமை அவரிடமிருந்து பறித்ததே மிகுதி. வேலைக்குப் பின் திறந்திருந்த ஒரு மாலைக் கல்விக்கூடமும், அதிலிருந்த நூலகமும், உடன் பேச ஒரு நண்பரும் வாய்த்தமையால் அவர் தப்பிப் பிழைத்தார். அக்கதவு மூடியிருந்தால் கூர்மையான இரண்டு கண்கள் காலுறைக் கட்டுகளை எண்ணியே ஓய்ந்திருக்கும். நமக்கோ பகல் முழுதும் திறந்திருக்கும் கல்லூரி இருக்கிறது. ஆய்வகத்தில் உருப்பெருக்கி இருக்கிறது. சுற்றிலும் வயலும் தோப்பும் இருக்கின்றன. அடுத்த முறை பூவின் முன்னே அந்தரத்தில் நிற்கும் ஒரு பூச்சியைக் கண்டால் கையை ஓங்காமல் இறக்கைகளை எண்ணுவோம். இரண்டே இருந்தால், அது புலித்தோல் போர்த்த நம் வயலின் காவலன். அதை அதன் வேலையைச் செய்ய விடுவோம்.